தெரிவும் திரையும்: அமெரிக்கக் காற்பந்து வீரர் தெரிவின் ஒளிபரப்பும் அதன் பொறுப்பும்

ஒருவனை ஒரு பணிக்குத் தெரிந்தெடுத்தல் மக்கட் சமுதாயம் பண்டுதொட்டுச் செய்துவரும் செயல்களுள் ஒன்று. அரசன் அமைச்சனைத் தெரிந்தான். ஆசிரியன் மாணாக்கனைத் தெரிந்தான். வணிகன் கணக்கனைத் தெரிந்தான். தெரிதல் வேறு, தெளிதல் வேறு என்பது தமிழ் அறநூலார் கொள்கை. ஆராய்ந்து எடுத்துக்கொள்ளுதல் தெரிதல். எடுத்துக்கொண்டவனை நம்பிப் பணியை ஒப்படைத்தல் தெளிதல். இவ்விரண்டும் பெரும்பாலும் சுவர்களுக்குள்ளேயே நிகழ்ந்தன. எடுக்கப்படாதவன் யாவன் என்பதை ஊரார் அறியார். அறிந்தாலும் அவன் முகம் வாடியதை அவர்கள் கண்டிலர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே இச்செயல் தொலைக்காட்சிக் கருவியின் முன் கொண்டுவந்து வைக்கப்பட்டது. இன்று அது பல இலட்சம் மக்கள் இமைகொட்டாது பார்க்கும் மூன்று நாட் பெருவிழாவாக விளங்குகின்றது. அவ்விழாவின் நன்மை தீமைகளுக்கு யார் பொறுப்பாளர் என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

அமெரிக்கக் காற்பந்து என்பது பெயரளவிலேயே காற்பந்து. பந்தைக் கையிலேந்தி ஓடியும் எறிந்தும் எதிரணியின் எல்லையுட் புகுவதே அவ்விளையாட்டின் முதன்மையான நோக்கம். இதனைத் தொழிலாக நடத்தும் அணிகளின் கூட்டமைப்பே தேசிய காற்பந்து லீக். அந்த லீக்கில் 1930களில் செல்வமுடைய சில அணிகளே பல்கலைக்கழகங்களிலிருந்து வெளியேறும் சிறந்த வீரரை வாரிக்கொண்டன. ஏனைய அணிகள் தோற்று நலிந்தன. அங்ஙனம் நலிந்தவற்றுள் ஒன்றாகிய பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பேர்ட் பெல் என்பார் 1935ஆம் ஆண்டில் ஒரு திட்டத்தை முன்வைத்தார். புதிய வீரர் பெயர்களையெல்லாம் ஒரு பட்டியலில் இட்டு, முந்திய ஆண்டில் மிகக் கீழ்நிலையில் நின்ற அணி முதலிலும் மேல்நிலையில் நின்ற அணி இறுதியிலுமாக, முறைவைத்து ஒவ்வொருவரைத் தெரிதல் வேண்டும் என்பதே அத்திட்டம். ஏனைய உரிமையாளரும் அதற்கு இசைந்தனர். 1936 பெப்ரவரி 8ஆந் திகதி பிலடெல்பியா நகரத்து விடுதி ஒன்றிலே முதலாவது தெரிவு நடைபெற்றது. 9 அணிகள் 9 சுற்றுக்களில் 81 பேரைத் தெரிந்தன.

அத்தெரிவில் முதற்பெயராக அழைக்கப்பட்டவர் சிக்காகோப் பல்கலைக்கழகத்து வீரராகிய ஜே பேர்வாங்கர். அவர் தொழில்முறைக் காற்பந்தை ஒருநாளும் ஆடினாரல்லர். கேட்ட ஊதியம் கிடையாமையால் வேறு தொழில் மேற்கொண்டார். தெரியப்பட்ட 81 பேருள்ளும் பாதிக்குக் குறைந்தவர்களே பின்னர் லீக்கில் ஆடினர். அக்காலத்தில் ஓர் அணி தன்னைத் தெரிதல் ஒருவனுக்கு வாழ்வின் முடிவான செய்தியாக இருந்ததில்லை. அறையில் ஒளிப்படக்கருவிகளின் நெருக்கம் இல்லை. வெளியே கூட்டம் இல்லை. வேலைக்கு ஆள் எடுக்கும் ஓர் அலுவலகக் கூட்டம் போன்றே அது முடிந்தது.

தெரிவின் உள்ளியல்பை அறியாமல் ஒளிபரப்பின் பொறுப்பை அளத்தல் இயலாது. இம்முறையின்கீழ்த் தெரியப்பட்ட இளைஞன் தன்னைத் தெரிந்த அணியோடு மட்டுமே பேரம் பேசலாம். தன் ஊருக்கு அண்மையிலுள்ள அணியையோ தான் விரும்பும் பயிற்றுநரையோ நாடிச் செல்லும் உரிமை அவனுக்கு இல்லை. மருத்துவனும் பொறியியலாளனும் தான் பணிசெய்யும் இடத்தைத் தானே நாடுகின்றான். காற்பந்து வீரனோ நாடப்படுகின்றான். இக்கட்டுப்பாடு நீதிமன்றத்திலும் ஆராயப்பட்டது. 1968இல் தெரியப்பட்டு, அவ்வாண்டிலேயே கழுத்திற் காயமுற்று விளையாட்டை இழந்த ஜேம்ஸ் ஸ்மித் என்னும் வீரர் தொடுத்த வழக்கில், அன்று நிலவிய தெரிவுமுறை வர்த்தகப் போட்டியைத் தடைசெய்வது என்றும் அதனால் ஷேர்மன் சட்டத்துக்கு மாறானது என்றும் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1978இல் தீர்ப்பளித்தது. எனினும் அதற்கு முந்திய ஆண்டிலேயே வீரர் தொழிற்சங்கம் லீக்குடன் செய்துகொண்ட கூட்டு உடன்படிக்கையில் தெரிவுமுறை இடம்பெற்றுவிட்டது. தொழிற்சங்கம் ஒப்பிய ஏற்பாடு என்ற காப்பு அதற்குக் கிடைத்தது. ஆயின் இவ்வுடன்படிக்கையால் முதலிற் கட்டுப்படுபவர் இன்னும் அச்சங்கத்தில் உறுப்பினராகாத இளைஞர் என்பது கருதற்பாலது. ஆகவே திரையில் விழாவாகக் காட்டப்படுவது பரிசளிப்பு அன்று; சட்டத்தின் இசைவோடு நிகழும் ஒரு தொழிற் கட்டுப்பாடு. ஒளிபரப்புவோர் ஒருபோதும் மறத்தற்கில்லாத முதல் உண்மை இது.

தெரிவு தொலைக்காட்சிக்கு வந்த வரலாறு சுவையானது. ஈ.எஸ்.பி.என். என்னும் விளையாட்டுத் தொலைக்காட்சி நிறுவனம் 1979 செப்ரெம்பர் 7ஆந் திகதி தொடங்கப்பெற்றது. நாள் முழுதும் விளையாட்டையே காட்டுவது அதன் நோக்கம். காட்டுதற்குரிய பெரும் போட்டிகளோ பிற நிறுவனங்களின் கையில் இருந்தன. அதன் தலைவராயிருந்த செற் சிமன்ஸ் என்பார் லீக்கின் ஆணையாளர் பீற் ரோசெல் என்பாரை அணுகி, வீரர் தெரிவை நேரடியாக ஒளிபரப்ப இசைவு கேட்டார். பெயர் படிப்பதைப் பார்க்க யார் விரும்புவர் என்று ஆணையாளரே ஐயுற்றனர் என்ப. அணி உரிமையாளர் இத்திட்டத்தை விரும்பினாரல்லர். வீரரின் முகவர் இதனால் வலிமை பெறுவர், அறையின் மறை வெளிப்படும் என்பன அவர்தம் அச்சம். எனினும் ரோசெல் இசைவு அளித்தார். 1980 ஏப்ரில் 29ஆந் திகதி, செவ்வாய்க்கிழமை காலை, நியூ யோர்க் நகரத்து விடுதியொன்றிலிருந்து தெரிவு முதன்முறையாக ஒளிபரப்பாயிற்று. டிட்ரொயிற் லயன்ஸ் அணி பில்லி சிம்ஸ் என்பாரை முதல்வராகத் தெரிந்தது.

உரிமையாளர் அஞ்சியதிலும் ஒரு பாடம் உண்டு. அவர் தம் இரகசியத்தையும் தம் பணத்தையும் பற்றி அஞ்சினர். மேடையில் நிறுத்தப்படும் இளைஞனைப் பற்றி அஞ்சினர் என்பதற்குச் சான்று காணோம். சிமன்ஸ் தம் நிறுவனத்தின் வெற்று மணித்தியாலங்களை நிரப்ப விழைந்தார். ரோசெல் விளம்பரத்தின் ஆற்றலை உணர்ந்தவர். இவ்வாறு இரு தரப்பினரும் தத்தம் பயன் கருதி ஒரு பொருளைப் பொதுவில் வைத்தபோது, மூன்றாம் தரப்பினனாகிய வீரன் அப்பேச்சில் இடம்பெறவில்லை. பின்னர் எழுந்த குறைகள் யாவற்றுக்கும் வித்து இவ்விடத்திலேயே ஊன்றப்பட்டது எனலாம்.

ஆயினும் ஒளிபரப்பை முழுதும் பழித்தல் நடுநிலை ஆகாது. அதனால் விளைந்த நன்மைகள் சில உள. மூடிய அறையில் நிகழ்ந்த செயல் பலர் கண்முன் நிகழும்போது செய்பவன் காரணம் காட்டும் கடப்பாடு உடையவன் ஆகின்றான். 1984 முதல் ஈ.எஸ்.பி.என். ஒளிபரப்பில் விமரிசகராகத் தோன்றிய மெல் கைப்பர் என்பார் இதற்கு எடுத்துக்காட்டு. 1994ஆம் ஆண்டுத் தெரிவில் இந்தியானாபொலிஸ் கோல்ற்ஸ் அணி ஐந்தாவதாக ட்ரெவ் அல்பேர்ட்ஸ் என்பாரைத் தெரிந்தபோது, பந்தெறியும் வீரரையே தெரிந்திருத்தல் வேண்டும் என்று அவர் வன்மையாகக் கண்டித்தார். அவ்வணியின் முகாமையாளர் பில் ரோபின் சினங்கொண்டு, இவர் யார், எங்களுக்குத் தொழில் கற்பிக்க இவருக்கு என்ன தகுதி என்னுங் கருத்துப்பட அதே ஒளிபரப்பிலேயே வினவினார். அல்பேர்ட்ஸ் காயங்களினால் மூன்று பருவங்களோடு விளையாட்டை விட்டார். ஆயின் அதே தெரிவில் ரோபின் இரண்டாவதாக எடுத்த மார்ஷல் போக் என்பார் பெரும்புகழ் எய்தினார். இருவருள் வென்றவர் யார் என்பது இங்கு வினா அன்று. அதிகாரமுடையவன் செய்ததை அதிகாரமில்லாதவன் பொதுமன்றில் வினாவியதே சிறப்பு. அணி முகாமையாளரின் தீர்ப்பு விமரிசனத்துக்கு உட்பட்டது என்னும் எண்ணம் பார்வையாளரிடத்து வேரூன்றியது. இதுவே ஒளிபரப்பின் தலையாய பயன்.

மற்றொரு நன்மையும் உண்டு. தோற்ற அணிக்கு முதல் உரிமை என்னும் விதியின் பொருளை மக்கள் ஆண்டுதோறும் கண்ணாற் காண்கின்றனர். ஓராண்டு முழுதும் தோல்வியையே கண்ட நகரத்தார் அன்றொரு நாளேனும் நம்பிக்கையோடு கூடுகின்றனர். வெற்றி ஒருவர்க்கே உரியதாகும் விளையாட்டுலகில், தோற்றவர்க்கென்று ஒரு திருநாள் இருப்பது ஏளனத்துக்குரியதன்று.

இனி, விழா வளர்ந்த முறையைக் காண்டல் வேண்டும். 1988இல் தெரிவு வார நாளிலிருந்து வார இறுதிக்கு மாற்றப்பட்டது; வேலைக்குச் செல்வோரும் அதனைப் பார்க்கலாயினர். 2006 முதல், லீக்குக்கே உரிய தொலைக்காட்சி நிறுவனமும் அதனை ஒளிபரப்பியது. 2010இல் அது மூன்று நாட்களாகப் பகுக்கப்பட்டு, முதற்சுற்று வியாழக்கிழமை இரவுக்கு வந்தது. 2015 முதல் நியூ யோர்க்கை விட்டு நகரந்தோறும் செல்லலாயிற்று. பெருந்தொற்று நிலவிய 2020இல், லாஸ் வேகாஸ் நகரில் நிகழவிருந்த விழா கைவிடப்பட்டு, ஆணையாளர் றொஜர் குடெல் தம் இல்லத்தின் கீழறையில் இருந்தபடியே பெயர்களைப் படித்தார். அந்த முதற்சுற்றைச் சராசரியாக ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்டோர் கண்டனர். 2024இல் டிட்ரொயிற் நகரில் மூன்று நாட்களிலும் 775,000 பேர் கூடினர் என்பது லீக்கின் கணக்கு. ஒரு பந்தும் எறியப்படாத, ஓர் ஓட்டமும் ஓடப்படாத நிகழ்ச்சிக்கு இத்துணை மக்கள் கூடுதல் வியப்பே.

இவ்வளர்ச்சியில் நோக்கற்பாலது காலத்தைக் கையாண்ட முறை. முதற்சுற்றில் ஒவ்வோர் அணிக்கும் 15 நிமிடம் இருந்தது. 2008இல் அது 10 நிமிடமாகக் குறைக்கப்பட்டது. ஓர் அணி தன் முடிவை ஒரு நிமிடத்திற் செய்துவிடினும் அறிவிப்புக்கு முன் மேடை, இசை, விளம்பரம், விமரிசகர் உரை யாவும் நிரம்புகின்றன. இந்த இடைவெளியை நிரப்புதற்கு ஏதேனும் ஒரு காட்சி வேண்டும். காட்சிக்கு எளிதாகக் கிடைப்பது காத்திருக்கும் மனித முகம். ஒளிபரப்பின் அறப்பிழைகள் பெரும்பாலும் இவ்விடைவெளியிலேயே பிறக்கின்றன.

2005ஆம் ஆண்டுத் தெரிவு இதனை நன்கு விளக்கும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து ஏரன் றொஜர்ஸ் என்பார் முதல்வராகத் தெரியப்படக்கூடும் என்று பலரும் எழுதினர். லீக்கின் அழைப்பை ஏற்று அவர் நியூ யோர்க் சென்று, மேடைக்குப் பின்னுள்ள காத்திருப்பு அறையில் அமர்ந்தார். முதல் இடம் வேறொருவருக்குப் போயிற்று. பின்னர் ஒவ்வோர் அணியும் அவரைக் கடந்து சென்றது. உடன் அழைக்கப்பட்ட ஏனையோர் ஒவ்வொருவராக எழுந்து மேடை ஏற, இறுதியில் அவரே எஞ்சினார். நான்கு மணித்தியாலத்துக்கு மேலாக ஒளிப்படக்கருவி அவரை மீண்டும் மீண்டும் நாடியது. இருபத்துநான்காவதாகக் கிறீன் பே பக்கர்ஸ் அணி அவரைத் தெரிந்தது. அவர் பின்னர் 2011 பெப்ரவரியில் அவ்வணிக்குச் சம்பியன் பட்டம் ஈட்டித் தந்ததும், லீக்கின் மிகச்சிறந்த வீரர் விருதை நான்கு முறை பெற்றதும் யாவரும் அறிந்தவை.

இக்கதையைக் கூறுவோர் பலர், இறுதியில் அவர் வென்றாரன்றோ, ஆதலின் தீங்கு யாது என்பர். இது பிழைபட்ட அளவை. வென்றவர் ஒருவரின் பிற்கால வெற்றி அன்றைய செயலை அறமாக்குவதில்லை. அங்ஙனமே காத்திருந்து பின்னர் வெல்லாது போனவர் எத்தனையோ பேர்; அவர் கதையை எவரும் எடுத்துரைப்பதில்லை. அன்றியும், ஒருவன் எந்த இடத்தில் தெரியப்படுகின்றானோ அதற்கேற்பவே அவன் முதல் ஊதியம் அமைகின்றது. 2011ஆம் ஆண்டுக் கூட்டு உடன்படிக்கை புதிய வீரரின் ஊதியத்தை இடவரிசையோடு இறுகப் பிணித்தபின், ஒவ்வொரு பெயரும் படிக்கப்படுந்தோறும் காத்திருப்பவன் கையிலிருந்து பெரும்பொருள் நழுவுகின்றது. அக்காட்சியைச் சுவைப்பொருளாக்குதல், ஒருவன் வேலை இழக்கும் வேளையில் அவன் முகத்தை உருப்பெருக்கிக் காட்டுவதை ஒக்கும்.

அழைப்பை ஏற்பதும் மறுப்பதும் வீரன் விருப்பமன்றோ என்று வினவலாம். உண்மையே. ஆயின் இருபத்தோரு வயது இளைஞன் ஒருவன், தனக்குத் தொழில் தரப்போகும் அமைப்பு அழைக்கும்போது மறுத்தல் எளிதன்று. இங்கே பொறுப்பு கைமாறும் முறையும் காணத்தக்கது. அழைத்தது லீக், முகத்தைக் காட்டியது ஒளிபரப்பு நிறுவனம், முதல்வன் என்று முன்கூட்டிக் கூறியவர் விமரிசகர், கடந்து சென்றவை அணிகள். ஒவ்வொருவரும் மற்றவரைச் சுட்டலாம். எல்லாரும் பங்கு கொண்ட செயலில் ஒருவரும் பொறுப்பாளராகாதிருத்தலே இவ்விழாவின் அடிப்படைக் குறை.

2016ஆம் ஆண்டு நிகழ்ச்சி இதனினும் கடியது. தெரிவு தொடங்குதற்குச் சில நிமிடங்களின் முன், லாரமி ரன்சில் என்னும் வீரரின் சமூக வலைத்தளக் கணக்கைப் பிறர் கைப்பற்றி, அவர் முகமூடி அணிந்து போதைப்புகை இழுக்கும் பழைய காணொளி ஒன்றை வெளியிட்டனர். முன்னணியில் எதிர்பார்க்கப்பட்ட அவர் பதின்மூன்றாம் இடத்திலேயே மயாமி டொல்பின்ஸ் அணியாற் தெரியப்பட்டார். ஒளிபரப்பு நிறுவனங்கள் இதனை மறைத்திருத்தல் வேண்டும் எனல் பொருந்தாது. தெரிவின் போக்கையே மாற்றிய ஒன்று செய்தியே. ஆயின் செய்தியை அறிவித்தல் ஒன்று. குற்றஞ்செய்தவர் பரப்பிய காட்சியைத் திரும்பத்திரும்பக் காட்டி, அதன் விளைவை அவ்வீரனின் முகத்திற் தேடுதல் மற்றொன்று. முன்னையது செய்தியாளன் கடமை. பின்னையது தீயோன் தொடங்கிய செயலை நல்லோன் முடித்துக் கொடுத்தல். இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை நேரடி ஒளிபரப்பின் விரைவு எளிதில் அழித்துவிடுகின்றது.

பிறர் துயரைச் சுவையாக்கும் இப்போக்கு 2020இல் வேறொரு வடிவிற் தோன்றியது. மேடை இல்லாத அவ்வாண்டில் வீரரின் இல்லங்கள் காட்டப்பட்டன. தாயும் தந்தையும் உடன்பிறந்தாரும் ஒருங்கிருந்து மகிழ்ந்த அக்காட்சிகள் எந்த மேடையினும் இயல்பானவை. ஆயின் வீரர் பலரின் குடும்பத்தில் நேர்ந்த சாவும் நோயும் பெயரோடு சேர்த்து எழுத்துவடிவில் திரையில் இடப்பட்டன. ஒரு வீரரின் தாய் போதைப்பழக்கத்தோடு போராடிய ஆண்டுக் கணக்கும் அங்ஙனம் இடப்பட்டது. அதற்கு எழுந்த கண்டனத்தின் பின் ஈ.எஸ்.பி.என். நிறுவனம் தவறு என ஒப்பி வருத்தம் தெரிவித்தது. ஒப்பியது பாராட்டத்தக்கதே. வறுமையையும் இழப்பையும் வென்று வந்தவன் கதை கேட்பவர்க்கு ஊக்கமூட்டும் என்பதில் ஐயமில்லை. அக்கதையைச் சொல்லும் உரிமை அவனுக்கே உரியது. உயரம், எடை, ஓட்டவேகம் என்பவற்றின் வரிசையிலே தாயின் துன்பத்தையும் ஓர் எண்ணாக வைத்தல் கதை சொல்லுதல் ஆகாது.

செய்தியறிவித்தலும் விழா நடத்துதலும் முரண்படும் இடம் மற்றொன்று உண்டு. அணியொன்று தன் முடிவை வீரனுக்குத் தொலைபேசியிலே முதலில் அறிவிக்கும். ஆணையாளர் மேடையில் அறிவிப்பது அதன் பின்னரே. வீரன் தொலைபேசியை எடுக்கும் காட்சியைக் காட்டின் மேடை அறிவிப்புச் சுவையற்றுப் போகும். ஆதலின் 2010களில் ஒளிபரப்பு நிறுவனங்கள் அக்காட்சியைத் தவிர்க்கவும், தம் செய்தியாளர் பெயர்களை முந்தி வெளியிடாதிருக்கவும் இணங்கின. பார்வையாளர் பலர் இதனை விரும்பினர் என்பதும் உண்மை. எனினும் இதனால் ஒரு முக்கிய உண்மை புலப்படுகின்றது. அறிவிப்பின் சுவையைக் காத்தற்பொருட்டு ஒளிப்படக்கருவியைத் திருப்பிக்கொள்ளுதல் இயலும் என்றால், ஓர் இளைஞனின் மதிப்பைக் காத்தற்பொருட்டும் அதனைத் திருப்பிக்கொள்ளுதல் இயலும். நேரடி ஒளிபரப்பில் எதனைக் காட்டுவது என்பது எம் கையில் இல்லை என்னும் வாதம் இவ்விடத்து முறிகின்றது.

2025ஆம் ஆண்டு நிகழ்ச்சி பொறுப்பை வகுக்கும் முறைக்கு மற்றொரு சான்று. முதற்சுற்றில் எதிர்பார்க்கப்பட்ட ஷெடூர் சாண்டர்ஸ் என்னும் வீரர் நாட்கணக்கிற் காத்திருந்து ஐந்தாம் சுற்றில், 144ஆம் இடத்தில், கிளீவ்லன்ட் பிறவுண்ஸ் அணியாற் தெரியப்பட்டார். காத்திருந்த வேளையில் அணியொன்றின் முகாமையாளர் போற் பேசி அவரை ஏமாற்றிய தொலைபேசி அழைப்பொன்று வந்தது. அற்லான்ரா பல்கன்ஸ் அணியின் பயிற்றுநர் ஒருவரது மகன், தந்தையின் கருவியிற் கண்ட இலக்கத்தைக் குறித்துக்கொண்டு செய்த குறும்பு அது. லீக் விரைந்து ஆராய்ந்து அவ்வணிக்கு 250,000 டொலரும் பயிற்றுநருக்கு 100,000 டொலரும் தண்டம் விதித்தது. இலக்கத்தைக் காவாது விட்டமைக்கே இத்தண்டம். இது முறையே. ஆயின் திரைக்கு வெளியே ஓர் இளைஞன் ஒரு நிமிடம் ஏமாற்றப்பட்டமைக்குப் பொறுப்பாளரைக் காணவும் தண்டிக்கவும் முடிந்த அமைப்பு, திரைக்கு உள்ளே அவனை மூன்று நாள் பேசுபொருளாக்கியமைக்குப் பொறுப்பாளர் எவரையும் காணவில்லை. பொறுப்பை வகுத்தல் அரிது என்பதன்று. இலாபம் தரும் இடத்திலே வகுக்க மனமில்லை என்பதே பொருள்.

இதற்குக் காரணம் தேடுவார்க்கு உடைமையுறவு விடை தரும். 1961ஆம் ஆண்டின் விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம், அணிகள் தம் ஒளிபரப்பு உரிமைகளை ஒன்றுசேர்த்து விற்க வழி திறந்தது. விற்பவர், வாங்குபவர் என்ற உறவு அன்று தெளிவாயிருந்தது. 2003இல் லீக் தனக்கெனத் தொலைக்காட்சி நிறுவனம் தொடங்கியபின் விற்பவரே காட்டுபவரும் ஆயினர். 2025 ஓகஸ்டில், அந்நிறுவனத்தை ஈ.எஸ்.பி.என். பெறவும், அதற்கு ஈடாக ஈ.எஸ்.பி.என். நிறுவனத்தின் உடைமையில் 10 வீதத்தை லீக் பெறவும் உடன்பாடு அறிவிக்கப்பட்டது. தன்னைக் குறித்து ஆராய்ந்து கூறவேண்டிய நிறுவனத்திலே லீக் பங்காளியாதல், வழக்காளி நீதிமன்றத்தின் வாடகையைப் பகிர்ந்துகொள்வது போன்றது. நீதிபதி நேர்மையுடையவராகவே இருக்கலாம். எனினும் கேட்போர் ஐயுறுவர். 1994இல் கைப்பர் அணி முகாமையாளரை வினாவிய துணிவு நிலைத்திருக்க வேண்டுமாயின், அதற்கு வேண்டிய தூரமும் நிலைத்திருத்தல் வேண்டும்.

இவ்வினா அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. 2008இல் தொடங்கிய இந்தியன் பிரீமியர் லீக் கிரிக்கெற் வீரரை ஏலத்தில் எடுக்கும் முறையைக் கைக்கொண்டது. பின்னர் அவ்வேலமும் தொலைக்காட்சி விழாவாயிற்று. 2023 ஜூனிலே லங்கா பிரீமியர் லீக்கும் தன் முதல் வீரர் ஏலத்தைக் கொழும்பில் நடத்தியது. அமெரிக்கத் தெரிவில் வரிசை வெளிப்படும். ஏலத்தில் விலையே வெளிப்படும். விலைபோகாத வீரனின் பெயர் கூறப்பட்டு, எவரும் கைதூக்காமையால் அடுத்த பெயருக்குச் செல்லுதல் அங்கே வழக்கு. எனினும் ஒரு வேற்றுமை கருதத்தக்கது. ஏலக் கூடத்தில் வீரன் பெரும்பாலும் இருப்பதில்லை. அவன் முகம் காட்சிப்பொருளாவதில்லை. மனிதரை ஏலங்கூறுதல் என்னுஞ் சொல்லே செவிக்கு இன்னாதது. ஆயினும் காத்திருப்பு அறையின் கொடுமை அதிற் குறைவு. இரு முறைகளும் தத்தம் குறைகளை ஒன்றிலிருந்து மற்றொன்று கற்றுத் திருத்திக்கொள்ளலாம்.

இனிப் பொறுப்பை வகுத்துக் காண்டல் வேண்டும். முதற்பொறுப்பு லீக்கினுடையது. தெரிவுமுறையை வகுத்ததும், ஒளிபரப்ப இசைந்ததும், இளைஞரை அழைத்ததும் அதுவே. எவர் முதற்சுற்றில் தெரியப்படுவர் என அணிகளிடம் கேட்டறியும் வாய்ப்புடைய லீக், உறுதியில்லாதவரை மேடைக்கருகே இருத்தாது விடலாம்; அழைக்கப்பட்டோர் விரும்பிய வேளையில் ஒளிப்படக்கருவி இல்லாத அறைக்குச் செல்லும் உரிமையை விதியாக்கலாம். இரண்டாம் பொறுப்பு ஒளிபரப்பு நிறுவனத்தினுடையது. குடும்பத் துயரை வீரனின் இசைவின்றி வெளியிடாமையும், பிறர் களவாக வெளியிட்டதைத் திரும்பக் காட்டாமையும், தெரிவு என்பது ஒரு தொழிற் கட்டுப்பாடும் ஆகும் என்பதைப் பார்வையாளர்க்கு உணர்த்துதலும் அதன் கடமை. ஒன்பது மணித்தியாலம் பேசுவோர் இதற்கு ஒன்பது நிமிடம் ஒதுக்கின் நட்டம் இல்லை.

மூன்றாம் பொறுப்பு விமரிசகருடையது. தெரிவு முடிந்த மறுநாளே ஒவ்வோர் அணிக்கும் புள்ளி இடும் வழக்கம் அமெரிக்காவில் நிலைத்துவிட்டது. பரீட்சை எழுதுமுன் விடைத்தாள் திருத்துவது போன்றது இவ்வழக்கம். ரொம் பிறேடி என்பார் 2000ஆம் ஆண்டில் 199ஆம் இடத்தில் தெரியப்பட்டவர். அவர் ஏழு முறை சம்பியன் பட்டம் வென்றார். அன்று அவரைக் கடந்து சென்ற அணிகளும் பிழைத்தன. அவரைப் பேசாது விட்ட விமரிசகரும் பிழைத்தனர். பிழைத்தல் குற்றமன்று. முன்னுரைத்தது பொய்த்தபோது, தெரிந்த அணியை வினாவிய அதே கண்டிப்போடு தன்னையும் வினாவாதிருத்தலே குற்றம். ஐந்தாண்டுக்கு முன் தாம் கூறியதை ஒவ்வோராண்டும் ஒளிபரப்பின் தொடக்கத்திலே எடுத்துக்காட்டும் வழக்கம் ஏற்படின், விமரிசனமும் மதிப்புப் பெறும். பார்வையாளரும் அளவறிந்து கேட்பர்.

நான்காம் பொறுப்பு பார்வையாளருடையது. மக்கள் விரும்புவதையே காட்டுகின்றோம் என்பது ஒளிபரப்புவோர் எக்காலமும் கூறும் சமாதானம். அது முழுப்பொய் அன்று. காத்திருப்பவனின் கலங்கிய முகம் காட்டப்படும் வேளையில் மக்கள் பிறிதொன்றை நாடுவாராயின் அக்காட்சி தானே மறையும். எனினும் இப்பொறுப்பை முதலில் வைத்துப் பேசுதல் தகாது. கோடிக்கணக்கானோர் தனித்தனியே ஏற்கும் சிறு பொறுப்பு, சிலர் ஒருங்கே ஏற்கவேண்டிய பெரும் பொறுப்பை மறைக்கும் திரையாதல் கூடாது.

1936இல் முதல்வராகத் தெரியப்பட்டவர் ஆடாமலே சென்றார். 2005இல் இருபத்துநான்காவதாக எஞ்சியவர் மிகச்சிறந்தவரானார். ஒரு நாளின் வரிசை ஒருவனின் தகுதியைக் காட்டுவதில்லை என்பதற்கு இவற்றினும் வேறு சான்று வேண்டா. ஒருவனைத் தெரிதல் ஒரு கணத்தில் நிகழலாம். தெளிதல் ஆண்டுகளால் நிகழ்வது. தொலைக்காட்சி முன்னதைக் காட்ட வல்லது. பின்னதைக் காட்டும் ஆற்றல் அதற்கு இல்லை. அவ்வெல்லையை அறிந்து, தான் காட்டுவது முடிவன்று, தொடக்கமே என்பதை ஒவ்வொரு பெயரோடும் உணர்த்தும் ஒளிபரப்பே பொறுப்புடைய ஒளிபரப்பு ஆகும்.